நான்கு நாள் முந்திப் பிறந்தவன்

ஜெர்மனிக்கு நான் போனது ஒரு கேள்வித்தாளுக்குப் பதில் எழுத. கேள்வி எனக்கு வந்ததல்ல. என் தங்கை ஜரீனாவின் மகன் இர்ஃபானுக்கு, எங்கள் இப்புவுக்கு, வந்தது. அனுப்பியது ஜெர்மன் ராணுவம்.

பள்ளிக்கூடத்தில் என் கேள்வித்தாளுக்கே நான் ஒழுங்காகப் பதில் எழுதியவனல்ல. கம்பத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் உரக்கடை வைத்திருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. காரணம் கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் சரித்திரப் புத்தகங்கள் படிப்பேன். திராட்சைக்குச் சாம்பல் நோய் வந்தால் என்ன மருந்து அடிப்பது என்று கேட்டால் சொல்வேன். ஐரோப்பாவுக்குப் போர் வந்தால் என்ன அடிப்பது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஜனவரியில் ஒரு மத்தியானம் ஜரீனா போன் செய்தாள். அழுகை வந்தால் அவளுக்குப் பேச்சு வேகமாகிவிடும்.

"அண்ணே, இப்புவுக்குப் பட்டாளத்துல இருந்து கடுதாசி வந்துருக்கு. பதினெட்டு வயசான பயலுக அம்புட்டுப் பேத்துக்கும் அனுப்புறாகளாம். பதில் போடாம இருக்கக் கூடாதாம். பட்டாளத்துல சேர எம்புட்டு ஆசைன்னு சைபர்ல இருந்து பத்து வரைக்கும் மார்க்குப் போடணுமாம். இவன் என்ன போடப் போறான்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கிறான்."

"சைபர் போடச் சொல்லு."

"சொல்லாமயா இருப்பேன்? கதவச் சாத்திக்கிட்டான். நீ வாண்ணே. மாமு சொன்னாக் கேப்பான்."

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இந்தச் சட்டம் ரெண்டாயிரத்து எட்டு ஜனவரி ஒண்ணாந்தேதிக்கு மேல பொறந்தவுகளுக்குத்தானாம். அதுக்கு முந்திப் பொறந்த பயலுகள ஒண்ணும் கேக்கலையாம்."

இர்ஃபான் பிறந்தது இரண்டாயிரத்து ஏழு, டிசம்பர் இருபத்தொன்பது. அவனுடைய பாஸ்போர்ட்டில் இருப்பது இரண்டாயிரத்து எட்டு, ஜனவரி இரண்டு. அந்த நான்கு நாளைத் திருடியவன் நான்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள் ஜரீனா. வலி எடுத்ததும் முத்தையாவின் ஜீப்பில் கம்பத்துக்குக் கிளம்பினோம். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப் அது. சபரிமலை சீசன். குமுளி ரோடு முழுக்க வேன். சாமிமார்கள் இறங்கி வழி ஒதுக்கிக் கொடுப்பதற்குள் பையன் பொறுமையிழந்து ஜீப்பிலேயே பிறந்துவிட்டான். வெளியே சரண கோஷம். உள்ளே நான் அவன் காதில் பாங்கு சொன்னேன். அப்படியே வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்தோம். ஊர் நர்ஸம்மா வந்து பார்த்து இரண்டும் நலம் என்றார்.

ஆஸ்பத்திரியில் பிறக்காததால் பிறப்பைப் பதிய வேண்டிய வேலை தாய்மாமன் தலையில் விழுந்தது. இருபத்தோரு நாள் கெடு. திராட்சை வெட்டு, பொங்கல் லீவு என்று தள்ளி நான் போய் நின்றது இருபத்துநாலாம் நாள். தாமதத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும். கூடவே டீக்குப் போதாத ஓர் அபராதம். மனு எழுதச் சோம்பல்பட்டு, பிறந்த தேதி கேட்டபோது "ஜனவரி ரெண்டு" என்றேன். எங்கள் பக்கம் இதைப் பொய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் மே மாதம் பிறந்தவர்கள். ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வசதியாக ஹெட்மாஸ்டர் பெற்றெடுத்த பிள்ளைகள்.

சான்றிதழைப் பார்த்து ஜரீனா அன்று சிரித்தாள். "விடுண்ணே, எம்மகனுக்கு நாலு நாளு எளமை." பதினெட்டு வருஷம் அது வீட்டு ஜோக்காக இருந்தது. இர்ஃபானுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

முதல் நாள். விமான நிலையத்திலிருந்து தங்கை ஊருக்கு ரயில். ஜெர்மன் ரயில்கள் நேரம் தவறாதவை என்று முப்பது வருஷமாகப் படித்திருந்தேன். படித்த புத்தகங்கள் பழையவை. ஒரு மணி நேரம் தாமதமாக வண்டி வந்ததும் தேனி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற நிம்மதி வந்தது. அந்த நிம்மதியில், எதிரே நின்ற பெட்டியில் ஏறினேன். உள்ளே பத்துப் பதினைந்து பேர் ராணுவச் சீருடையில்.

சீருடையைக் கண்டால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். வண்டிக்குக் காகிதம் இருக்கிறதா, ஹெல்மெட் எங்கே என்று மனசு தானாகத் தேடும். அன்று என்னிடம் வண்டியே இல்லை. இருந்தாலும் தேடினேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த பெண் சிப்பாய்க்கு இருபது வயது இருக்கலாம். நான் போகும் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எழுந்தேவிட்டாள், ஆங்கிலத்தில் சொன்னாள்: "இந்த வண்டி அடுத்த நிலையத்தில் இரண்டாகப் பிரியும். உங்கள் ஊருக்குப் போவது பின்பாதி. நீங்கள் முன்பாதியில் இருக்கிறீர்கள்."

எங்கள் ஊரில் வண்டி நடுவழியில் நிற்கும், திரும்பும், டயர் கழன்றுகூட ஓடும். இரண்டாகப் பிரிந்து தனித்தனி ஊருக்குப் போனதில்லை. அடுத்த நிலையத்தில் அவள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உள்ளே இட்லிப் பொடி, மிளகு, ஏலக்காய் என்று பன்னிரண்டு கிலோ. பின்னால் நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடினேன். ஐரோப்பாவில் ஒரு ராணுவத்தோடு நான் நடத்திய முதல் கூட்டு நடவடிக்கை அது. வெற்றி.

பிளாட்பாரத்தில் இரண்டு நிமிஷம் பேசினோம். சீருடையில் வந்தால் அவர்களுக்கு ரயில் இலவசமாம். "மக்கள் எங்களைப் பார்த்துப் பழகட்டும் என்று" என்றாள். எங்கே போகிறாய் என்றேன். லிதுவேனியா. ரஷ்ய எல்லைக்குப் பக்கம். ஜெர்மன் படை ஒன்று இனி நிரந்தரமாக அங்கே தங்கப்போகிறது.

"உன் அம்மா என்ன சொல்கிறார்?"

"வீட்டுக்கு வருவதற்கு முன் ஸ்டேஷனில் உடை மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்" என்று சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் உதடு அப்படியே இருந்தது. என் பெட்டியின் கைப்பிடியை அவள்தான் என் கையில் வைத்து மூடினாள். அவள் விரல் என் விரலைவிடக் குளிர்ந்திருந்தது.

இரண்டாம் நாள். தங்கை வீடு ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஒரு ரோடு. ஜன்னல் வழியே பார்த்ததும் நான் கம்பத்தில் இருப்பதாகவே நினைத்தேன். மலை சின்னது, மேகமலை இதைப் பார்த்தால் குட்டி என்று கூப்பிடும். திராட்சைப் பந்தலுக்குப் பதிலாகப் பனி.

காலையில் கறுப்பு ரொட்டி. அதைப் பல்லால் வெல்ல முடியாமல் நான் டீயில் ஊற வைத்ததை இர்ஃபான் வேடிக்கை பார்த்தான். ஆறடிக்குமேல் வளர்ந்திருந்தான். அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் என் தங்கையின் சமையலறைத் தமிழ். ஜெர்மன் பையன் வாயிலிருந்து "என்னா மாமு, பல்லு ஆடுதா?" என்று வந்ததும் எனக்குப் பாதிக் குளிர் விட்டது.

மச்சான் சாதிக் தொழிற்சாலையிலிருந்து மத்தியானம் வந்தார். இருபது வருஷமாகக் காருக்குப் பல்சக்கரம் செய்த கம்பெனி. கார் விற்பனை படுத்துவிட்டது. ஆட்குறைப்பு என்று பேச்சு வந்தது. இப்போது கவச வண்டிக்குச் செய்கிறார்கள்.

"வேல நெலச்சிருச்சு மச்சான்" என்றார். "அல்ஹம்துலில்லாஹ்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது."

ஜரீனா கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். ஒரே ஒரு தாள். மூலையில் செல்போனில் படம் பிடிக்க ஒரு கட்டம். மரியாதையான மொழி. கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழப்பான காகிதம். பயமுறுத்துகிற கடிதம் என்றால் எங்கள் ஊரில் சிவப்பு மையில் இருக்கும், முத்திரை இருக்கும், ஆளைத் தயார்ப்படுத்தும். இது தடவிக் கொடுத்தபடி வந்தது.

"ஒண்ணும் ஆகாதுடா, சும்மா ஒரு கணக்கெடுப்பு" என்றேன் இர்ஃபானிடம்.

"நாய் கடிச்சப்பவும் நீங்க இப்பிடித்தான் சொன்னீக."

ஆறு வயதில் லீவுக்கு வந்தபோது தெருநாய் கடித்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் அவனை மடியில் அமுக்கி வைத்துக்கொண்டு, ஜன்னலில் ஒரு காக்காயைக் காட்டி, "வலிக்காதுடா, அங்கன பாரு" என்றேன். அவன் காக்காயை நம்பினான். ஊசி ஒன்றல்ல, அதற்கப்புறமும் தவணை முறையில் நாலைந்து தடவை. கடைசித் தடவை வரைக்கும் அதே காக்காயைத்தான் காட்டினேன்.

சமையலறையில் ஜரீனா என் கையைப் பிடித்தாள். "அண்ணே, ஊர்ல போயி நெசத் தேதிக்கு மாத்தி வாங்கிட்டு வா. நீதான பதிஞ்ச? நீயே தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடு."

"பைத்தியமா?" என்றார் சாதிக், குரலை இறக்கி. "பதினெட்டு வருசமாப் பொய்த் தேதி குடுத்தாகன்னு ஆகும். நம்ம குடியுரிமைப் பேப்பரு, ஸ்கூலு, எல்லாத்துலயும் அந்தத் தேதிதான். இந்த நாட்டுல துப்பாக்கிக்குத் தப்பிச்சிரலாம், ஃபைலுக்குத் தப்பிக்க முடியாது."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் காலையில் மிச்சம் வைத்த ஊறிய ரொட்டியைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எங்கிருந்தோ ஒரு சங்கு அலறியது. நான் மேஜைக்கு அடியில் பாதி நுழைந்துவிட்டேன். மற்றவர்கள் தொடர்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். தீயணைப்பு நிலையத்தில் மாதம் ஒருமுறை சோதித்துப் பார்ப்பார்களாம்.

"முன்னெல்லாம் காதுலயே விழாதுண்ணே" என்றாள் ஜரீனா. "இப்பத்தான் எத்தன தடவ ஊதுதுன்னு ஒவ்வொரு வாட்டியும் நின்னு எண்ணுறேன்."

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஊர்சுலா அம்மாளோடு நடக்கப் போனோம். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தெட்டு வயதில் என்னைவிட வேகமாக மலையேறுகிறார். அவர் ஜெர்மனில் பேச, இர்ஃபான் எனக்குத் தமிழில் சொன்னான். அவனிடம் இருப்பது அம்மாவின் தமிழ் ஒன்றுதான் என்பதால், ஜெர்மனியின் எண்பது வருஷ ராணுவச் சரித்திரம் எனக்குக் கம்பம் பாஷையிலேயே கிடைத்தது.

"சண்டையில தோத்ததும் பட்டாளமே கெடையாதுன்னு ஆக்கிட்டாகளாம். பத்து வருசம் கழிச்சு, ரஷ்யாக்காரன் வருவான், திரும்ப ஆரம்பிங்கன்னு இவுகள அடிச்ச நாட்டுக்காரவுகளே சொன்னாகளாம். அவுக அத்தா தெருவுல எறங்கி 'நா வரமாட்டேன்'னு கத்துனாகளாம்."

ஊர்சுலாவின் அப்பா எங்கள் வீட்டு வழக்கப்படி அத்தா ஆகிவிட்டார்! கேட்க எனக்குப் பிடித்திருந்தது. ஊர்சுலா மேலும் சொன்னார்: அப்படியும் ராணுவம் வந்தது. ஆனால் பயந்து பயந்து கட்டிய ராணுவம். சிப்பாயும் சீருடை போட்ட குடிமகன்தான், மனுஷ மரியாதையைக் கெடுக்கும் உத்தரவுக்கு அவன் கீழ்ப்படியக் கூடாது, வெளிநாட்டுச் சண்டைக்கு அனுப்பப் பாராளுமன்றம் சம்மதிக்க வேண்டும் என்றெல்லாம் கயிறு கட்டினார்கள். ராணுவச் சேவை எல்லாப் பையன்களுக்கும் கட்டாயம்; துப்பாக்கி தொடமாட்டேன் என்கிற பையன் ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்யலாம்.

"அந்தப் பயலுகதான் இவுக ஆஸ்பத்திரிய ஓட்டுனாகளாம். கெழடுகளக் குளிப்பாட்டி விட்டு, சோறூட்டி. பதினஞ்சு வருசத்துக்கு முந்திக் கட்டாயத்த நிறுத்துனதும் பட்டாளத்த விட இவுக வார்டுதான் ரொம்பத் தவிச்சுப்போச்சாம்."

மலைப்பாதையின் வளைவில் ஊர்சுலா நின்றார். பனியைக் காலால் தள்ளினார். தார் ரோட்டின் நடுவில் வட்டமாக இரும்பு மூடி. சற்றுத் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால் மூன்றாவது.

"சாக்கடையா?" என்றேன்.

சாக்கடை இல்லை. ஆழமான குழிகள். அந்தக் காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் எல்லை இங்கிருந்து கூப்பிடு தூரம். ரஷ்ய டாங்கிகள் வந்தால் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் வரும் என்று கணக்குப் போட்டு, ரோடு போடும்போதே வெடிமருந்து வைக்கக் குழியும் வைத்துவிட்டார்கள். எதிரி வந்தால் தங்கள் ரோட்டைத் தாங்களே வெடி வைத்துத் தகர்த்துவிட்டு மலைக்குப் பின்னால் நிற்க வேண்டியது. அதன்மேல் நாற்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓடியது. பெர்லின் சுவர் இடிந்த பிறகு பெரும்பாலான குழிகளில் கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள். அவசரப்பட்டு மூடிவிட்டோமோ என்று இப்போது டீக்கடையில், அதாவது இங்கே பேக்கரியில், பேசிக்கொள்கிறார்களாம்.

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் வளைவுகளை நினைத்தேன். அந்த ரோட்டில் ஒரு குழி இருந்தால் எங்கள் ஆட்கள் நெடுஞ்சாலைத் துறையைத் திட்டுவார்கள். குழியை வேண்டுமென்றே தோண்டி, மூடி போட்டு, அதன்மேல் பிள்ளைகளை அனுப்புகிற பயம் எப்படிப்பட்டதென்று எனக்குப் பிடிபடவில்லை. கால் தானாக மூடியை விட்டு விலகி நடந்தது.

இறங்கும்போது ஊர்சுலா இர்ஃபானின் தோளைப் பிடித்து ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். இர்ஃபான் தலையை ஆட்டினான்.

"என்னடா சொல்றாக?"

"ஒண்ணுமில்ல மாமு."

சரித்திரம் முழுவதையும் மொழிபெயர்த்தவன் அதை மட்டும் விட்டுவிட்டான்.

நான்காம் நாள். ஜரீனா எங்கள் இரண்டு பேரையும் காலையிலேயே வெளியே தள்ளினாள். "போயி எல்லைக் கோபுரத்தக் காட்டிட்டு வாடா" என்று அவனிடமும், "பேசிட்டு வாண்ணே" என்று என்னிடமும். பழைய எல்லை இப்போது அருங்காட்சியகம். இந்தப் பக்கம் ஒரு காவல் கோபுரம், அந்தப் பக்கம் ஒரு கோபுரம், நடுவில் முள்வேலி. அந்தக் கோபுரத்திலும் இருந்தவர்கள் ஜெர்மன் சிப்பாய்கள்தான். சுவர் விழுந்ததும் கிழக்கு ராணுவத்தைக் கலைத்து, தேவைப்பட்ட ஆட்களை மட்டும் மேற்கு ராணுவம் எடுத்துக்கொண்டது. டாங்கிகளை உடைத்தார்கள், விற்றார்கள், தானம் கொடுத்தார்கள். இனிமேல் சண்டையே இல்லை என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இவர்கள் கையில் துப்பாக்கியைக் கண்டால் அக்கம்பக்கத்து நாடுகள் நடுங்கின. இன்று அதே அக்கம்பக்கம் இன்னும் ஏன் வாங்கவில்லை என்று கோபிக்கிறது. இதில் எது அதிக பயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோபுரத்தின் மேல் எங்களைத் தவிர யாரும் இல்லை. காற்று காதை அறுத்தது. ஜரீனா கட்டிக் கொடுத்த பரோட்டா கல்லாகியிருந்தது. ஆளுக்கொன்றைக் கடித்துக்கொண்டே நின்றோம்.

"நேத்து ஊர்சுலாம்மா என்ன சொன்னாக?"

கொஞ்ச நேரம் மென்றான். "அவுக மகன் ஆப்கானிஸ்தானுக்குப் போயிட்டு வந்தவரு. இப்பவும் புது வருசத்துக்கு வெடி போட்டா கீழ் ரூமுக்குப் போயி ஒக்காந்துக்குவாரு. அந்தம்மா சொன்னாக, யாராவது போகத்தான் வேணும். நீ போகாதன்னு."

அந்த வரியில் ஒரு நாட்டின் பாராளுமன்ற விவாதம் முழுவதும் இருந்தது. என் தங்கையும் அதில் இருந்தாள்.

"நீ என்னடா நெனக்கிற?"

"பத்துப் போட்டா அம்மா செத்துரும். சைபர் போடலாம்னு எடுத்தேன். போன மாசம் கிளாஸ்ல ஒருத்தன் சொன்னான், சண்டை வந்தா ஒனக்கென்ன, ஒனக்கு ஓடிப்போக இன்னொரு நாடு இருக்குன்னு. தமாசுக்குத்தான் சொன்னான். எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். இப்ப சைபர் போட்டா அவன் சொன்னது நெசமாயிரும்ல?" பரோட்டாவைக் காகிதத்தில் மடித்தான். "எனக்குப் பயமா இருக்கு மாமு. போறதுக்கும் பயமா இருக்கு, போகாததுக்கும் பயமா இருக்கு."

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை சுலபமானது. சைபர் போடு என்று சொல்ல வேண்டும். தாய்மாமன் சொல். சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக வேறொன்று வாயில் வந்துவிட்டது.

"இப்பு, இந்தக் கடுதாசி ஒனக்கு வந்திருக்கவே கூடாதுடா."

ஜீப், சாமிமார், பொங்கல் லீவு, மனு, சோம்பல் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாக இந்தக் கதையைச் சொல்லும்போது சிரிப்பு வரும் இடங்களை அன்று வேகமாகச் சொல்லிக் கடந்தேன்.

அவன் முதலில் சிரித்தான். பிறகு வேலியைப் பார்த்தான். "அப்ப ஜனவரி ரெண்டாந்தேதி பொறந்தவன் யாரு மாமு?"

"அவன நாந்தான்டா பெத்தேன்."

"அவனுக்குத்தான் லெட்டர் வந்துருக்கு."

"ஆமா."

"தேதிய மாத்த முடியுமா?"

"முடியும்னுதான் நெனக்கிறேன். ஒங்கத்தா வேணாங்கிறாரு. ஒங்கம்மா வேணுங்கிறா."

கீழே பள்ளத்தாக்கில் ஒரு லாரி ஊர்ந்து போனது. கோபுரத்தில் இருந்த பழைய சிப்பாய்களும் இப்படித்தான் நாற்பது வருஷம் ஒன்றும் வராத ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

"வாங்கி வச்சிருங்க" என்றான் கடைசியில். "நா கேக்குற வரைக்கும் அனுப்பாதீக. அம்மாட்ட சொல்லாதீக. சும்மா இருக்கட்டும்."

தலையாட்டினேன். அந்த ரோட்டு மூடிகள் ஞாபகம் வந்தன. இவனும் ஒரு குழி கேட்கிறான். வெடிக்கவே வேண்டியிராத ஒரு குழி.

ஐந்தாம் நாள் ஜரீனா ஸ்டேஷனில் கேட்டாள்: "பேசுனியாண்ணே? என்ன போடுறேன்னான்?" யோசிக்கிறான் என்றேன். என் முகத்தையே பார்த்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன் சிரித்த முகம். ரயில் இந்த முறை நேரத்துக்கு வந்து தொலைத்தது. பின்பாதியா என்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு ஏறினேன்.

ஊர் வந்து மூன்றாம் நாள் அந்தப் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். பழைய நாற்காலியில் புதிதாக ஓர் இளம்பெண். பிறந்த தேதியைத் திருத்த, தகவல் கொடுத்தவரின் வாக்குமூலமும் நேரில் பார்த்த இன்னொருவரின் சாட்சியும் வேண்டும் என்றார். முத்தையாவைத் தேடிப் போனேன். இப்போதும் ஜீப்தான் ஓட்டுகிறார். ஜீப் மாறிவிட்டது, ஓட்டுகிற விதம் மாறவில்லை.

"தேதி ஞாபகம் இருக்கா முத்தையா?"

"என்னா பாய் இப்பிடிக் கேக்குறீக? மண்டல பூச முடிஞ்சு நட சாத்தியிருந்தாக. மறுநா மகரவெளக்குக்கு நட தெறக்குது. அதுக்குத்தான அம்புட்டு வண்டியும் வரிச கட்டி நின்னுச்சு? முப்பதுக்கு நட தெறப்பு. இருபத்தொம்பதுக்குப் புள்ள. சீட்டுல கறை போகாம ஒரு வாரம் தேச்சேன்ல." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன வருசம் கழிச்சு எதுக்கு? சாதகம் பாக்குற சாதியுமில்ல நீங்க."

"பட்டாளத்துல கேக்குறாக."

முத்தையா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "நம்ம புள்ளையவா? எந்தப் பட்டாளம்?"

"ஜெர்மன் பட்டாளம்."

"யாரு கூடச் சண்ட?"

"இன்னும் இல்ல. வரலாம்னு பயப்படுறாக."

"இன்னும் வரலையா? அப்ப எதுக்கு இப்பவே ஆளு எண்ணுறாக?" என்றார். அதற்குச் சரித்திரப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. நான் சாட்சிப் படிவத்தை நீட்டினேன். பேனாவை வாங்கி ஜீப்பின் பானெட்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தில் ஒரு கட்டம்: தவறு நேர்ந்த காரணம். அலுவலகப் பெண், "கவனக்குறைவுன்னு போடுங்க சார், எல்லாரும் அதத்தான் போடுவாக" என்றார். கவனக்குறைவு இல்லை. நன்றாகக் கவனித்துத்தான் சொன்னேன். "என் சோம்பல்" என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முத்திரை குத்தினார்.

இரண்டு வாரத்தில் புதிய சான்றிதழ் வந்தது. கடையில் பூச்சிமருந்து வைக்கும் பூட்டிய அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைத்தேன். வைக்கிற இடம் சரிதான் என்று தோன்றியது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடையைத் திறக்கும்போது இர்ஃபான் கூப்பிட்டான்.

"கெடச்சுச்சா மாமு?"

"கெடச்சுச்சு. இருபத்தொம்பது."



"நா பதில் அனுப்பிட்டேன். அஞ்சு போட்டேன்."

அஞ்சு! ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் நழுவுகிற எங்கள் வீட்டு ரத்தம்தான்.

"அதுக்கு என்ன அர்த்தமாம்?"

"தெரியல. ஒடம்பப் பரிசோதிக்கக் கூப்பிட்டுருக்காக. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லாமயும் போகலாம். ஆளு பத்தலைன்னா கட்டாயமாக் கூப்பிடச் சட்டம் வந்தாலும் வருமாம்."

"பேப்பர அனுப்பட்டுமாடா?"

"வேணாம். அங்கனயே இருக்கட்டும்." பிறகு கேட்டான்: "மாமு, வலிக்குமா?"

பரிசோதனையைக் கேட்கிறானா, அதற்கப்புறம் வருவதைக் கேட்கிறானா என்று நான் கேட்கவில்லை. கடைக்கு எதிரே மின்கம்பியில் வழக்கம்போல ஒரு காக்காய் உட்கார்ந்திருந்தது. அதை அவனுக்குக் காட்ட முடியாது.

"வலிக்கும்டா" என்றேன்.

"ம்" என்றான். போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.